முதல் நாளை எண்ணலாமா?

அந்த வழக்கில் கடன் இருந்தது உண்மை என்று நடுவர் எழுதினார். செக்கில் இருப்பது எதிரியின் கையெழுத்துதான், அறிவிப்பு முறையாகப் போய்ச் சேர்ந்தது, பணம் கொடுக்கப்படவில்லை என்றும் எழுதினார். தீர்ப்பின் பெரும்பகுதியில் என் கட்சிக்காரர் சொன்னதெல்லாம் சரி என்று நிறுவிவிட்டு, கடைசி இரண்டு பக்கத்தில் புகார் ஒரு நாள் தாமதம் என்று சொல்லி எதிரியை விடுதலை செய்தார். அது தாமதமா இல்லையா என்பது, சட்டத்தின் ஆங்கில வாசகத்தில் இருக்கும் 'ஆஃப்' என்ற சின்னஞ்சிறு சொல்லுக்கு என்ன பொருள் என்பதைப் பொறுத்திருந்தது. நான் நடத்தித் தோற்ற வழக்குகள் பல உண்டு. தோற்றதன் காரணத்தைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்லவே முடியாமல் போனது இந்த ஒன்றில்தான்.

கட்சிக்காரர் ஈரோட்டுப் பக்கம் காவிரிக் கரைத் தறி ஊர் ஒன்றைச் சேர்ந்த அம்மா. கணவர் காலமான பிறகு நான்கு விசைத்தறிகளைத் தானே ஓட்டியவர். வியாபாரி பாவும் ஊடை நூலும் கொடுப்பார். இவர் காடாத் துணியாக நெய்து கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். அந்தத் தொழிலில் கூலி நின்றால் தறி ஓட்டுகிற ஆளுக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. ஆள் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார். ஆள் போனால் தறி நிற்கும். வியாபாரி மாதக்கணக்கில் இழுத்தடித்து, நெருக்கிய பிறகு 1,20,000 ரூபாய்க்கு ஒரு செக் கொடுத்தார். வங்கியில் போட்டதும், கணக்கில் போதிய பணம் இல்லை என்ற சீட்டோடு 2000ஆம் ஆண்டு மே 26 அன்று அது திரும்பி வந்தது.

செக் திரும்புவது ஒரு காலத்தில் வெறும் கடன் விவகாரம். ஏமாற்றும் எண்ணம் முதலிலிருந்தே இருந்தது என்று காட்டினால்தான் குற்ற வழக்கு நிற்கும். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 1988இல் திருத்தம் கொண்டுவந்து, 1989 ஏப்ரல் 1 முதல் 138ஆம் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு, கொடுத்த செக் பணமில்லாமல் திரும்புவதே குற்றம் ஆயிற்று. எங்கள் பக்கத்துச் சிறு தொழிலாளிகள் இந்தப் பிரிவை நாடியதற்கு வலுவான காரணம் உண்டு. பணத்தைக் கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தில் தாவா போட்டால் அந்த நாளில் நூற்றுக்கு ஏழரை ரூபாய் கோர்ட் கட்டணம். 1,20,000 ரூபாய்க்கு 9,000 ரூபாயை முதல் நாளே கட்டியாக வேண்டும். கூலியே கைக்கு வராதவர் அந்த 9,000 ரூபாய்க்கு எங்கே போவார்? 138இல் போட்டால் அந்தச் சுமை இல்லை.

சுமை இல்லாத அந்தப் பாதையில், அன்றிருந்த சட்டப்படி, மூன்று படிகளை உரிய காலத்தில் தாண்ட வேண்டும். செக் திரும்பிய தகவல் வந்து பதினைந்து நாளுக்குள் பணம் கேட்டு அறிவிப்பு அனுப்ப வேண்டும். (பின்னால் இது முப்பது நாளாக்கப்பட்டது.) அறிவிப்பு கிடைத்துப் பதினைந்து நாளுக்குள் செக் கொடுத்தவர் பணத்தைக் கொடுக்கலாம், கொடுத்துவிட்டால் குற்றமே இல்லை. கொடுக்காவிட்டால் அந்தப் பதினைந்தாம் நாள் முடிந்ததும் 'வழக்கு மூலம்' பிறக்கிறது, அதாவது வழக்குப் போடும் உரிமை உண்டாகிறது. அது பிறந்த தேதி தொடங்கி ஒரு மாதத்துக்குள் 142ஆம் பிரிவின்படி நடுவரிடம் புகார் கொடுக்க வேண்டும். 'தேதி தொடங்கி' என்று இப்போது எழுதினேனே, அதை அன்று நீதிமன்றத்தில் சொல்லியிருந்தால் என் வாயாலேயே வழக்கைத் தோற்றிருப்பேன். 'தேதிக்குப் பின்' என்று சொன்னால் ஜெயிப்பேன். ஆங்கில வாசகம் இரண்டையும் சொல்லவில்லை. மூன்று படிகளிலும் அது 'ஆஃப்' என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டது.

தேதிகளைப் பொறுமையாகப் பாருங்கள். வழக்கு முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஜூன் 1ஆம் தேதி பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினோம். ஜூன் 5, திங்கட்கிழமை, வியாபாரி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். ஒப்புகை அட்டையில் தேதி தெளிவாக இருந்தது. வாங்கிய நாளை விட்டுவிட்டு எண்ணினால் பதினைந்து நாள் ஜூன் 20இல் முடிகிறது. 21ஆம் தேதி வழக்கு மூலம் பிறக்கிறது. அந்த 21ஐ விட்டுவிட்டு எண்ணினால் ஒரு மாதம் ஜூலை 21இல் முடியும். 21ஐயும் சேர்த்து எண்ணினால் ஜூலை 20இலேயே முடிந்துவிடும். நாங்கள் புகார் கொடுத்தது ஜூலை 21, வெள்ளிக்கிழமை.

ஏன் கடைசி நாள் வரை காத்திருந்தீர்கள் என்று கேட்பது எளிது. கூலிக்கு நெய்கிறவர் வியாபாரியை அவ்வளவு சீக்கிரம் கோர்ட்டுக்கு இழுக்க மாட்டார். இழுத்தால் அவரிடமிருந்து பாவு வராது. செய்தி பரவினால் அடுத்த வியாபாரியும் யோசிப்பார். இந்த வியாபாரி அறிவிப்பு வாங்கிய பிறகும், வெள்ளிக்கிழமை கணக்குத் தீர்க்கிறேன் என்று வாரம் தவறாமல் சொல்லி அனுப்பினார். அந்த அம்மா நம்பினார் என்று சொல்வதைவிட, நம்பாமல் இருக்க வசதி இல்லாதவர் என்பதே சரி. வியாபாரம் கெடாமல் தீருமா என்று சட்டம் கொடுத்த நாள் முழுவதும் பார்ப்பதற்கு அவருக்கு உரிமை இருந்தது. ஜூலை 21 வரை நேரம் உண்டு என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றும் என் மேசையில் இருந்தது.

அது சாகேத் இந்தியா வழக்கில் 1999 மார்ச்சில் வந்த தீர்ப்பு. அங்கே அறிவிப்பு 1995 செப்டம்பர் 29இல் கிடைத்தது, பதினைந்து நாள் அக்டோபர் 14இல் முடிந்தது, வழக்கு மூலம் 15இல் பிறந்தது, புகார் நவம்பர் 15இல் கொடுக்கப்பட்டது. எங்கள் வழக்கின் அச்சு அப்படியே. வழக்கு மூலம் பிறந்த நாளை விலக்க வேண்டும், ஆகவே புகார் காலத்துக்குள் வந்ததே என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

விசாரணை ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஓடியது. வெற்றுச் செக்கைச் செக்யூரிட்டிக்காகக் கொடுத்தேன், அதை நிரப்பிக்கொண்டார்கள் என்பது எதிரியின் வாதம். இப்படிப்பட்ட வழக்குகளில் பாதிக்கு மேல் வருகிற வாதம் அதுதான். கூலிக் கணக்கு நோட்டில் வியாபாரியின் கணக்கப்பிள்ளை வாராவாரம் போட்ட கையெழுத்து இருந்ததால் அது நிற்கவில்லை. இறுதி வாதத்தின்போதுதான் எதிரியின் வக்கீல் தேதிகளைக் கையில் எடுத்தார். என்னைவிட இளையவர், கூர்மையானவர், என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவர். அவர் கையில் 1999 மே மாதத்துத் தீர்ப்பு ஒன்று இருந்தது. சில் இம்போர்ட் வழக்கு. அதுவும் உச்ச நீதிமன்றம்தான், அதுவும் இரண்டு நீதிபதிகள் அமர்வுதான். குற்றம் முழுமையடைந்த உடனேயே வழக்கு மூலம் பிறக்கிறது, அதே கணத்தில் ஒரு மாதக் காலமும் ஓடத் தொடங்குகிறது என்று அது சொன்னது. முதல் நாளை விலக்க வேண்டும் என்று பாராளுமன்றம் நினைத்திருந்தால் 'ஃப்ரம்' என்று எழுதியிருக்கும், 'ஆஃப்' என்று எழுதியிருக்காது என்பது அதை வைத்து அவர் செய்த வாதத்தின் சாரம்.

இந்த வாதத்துக்கு 1897ஆம் ஆண்டின் பொது வகைமுறைகள் சட்டம் துணை நின்றது. ஒரு காலக்கெடுவில் முதல் நாளை விலக்க விரும்பினால் 'ஃப்ரம்' என்ற சொல்லைப் போட்டாலே போதும் என்கிறது அதன் 9ஆம் பிரிவு. மாதம் என்றால் ஆங்கில நாட்காட்டி மாதம், ஆனி ஆடி என்று யாரும் குழப்ப வேண்டாம் என்றுகூட அந்தச் சட்டம் விளக்கம் கொடுத்திருக்கிறது. 'ஆஃப்' என்று எழுதினால் முதல் நாளை என்ன செய்வது என்பதற்கு மட்டும் விளக்கம் இல்லை.

இங்கே அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கீழமை நீதிமன்றத்தில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில். இந்தச் சொல்லைத் தமிழில் கொண்டுவராமல் யாரும் வாதாட முடியாது. ஆங்கிலத்தில் அது செய்யாத வேலை இல்லை. மரத்தால் ஆன மேசை என்றாலும் அதே சொல், காய்ச்சலால் இறந்தார் என்றாலும் அதே சொல். அவர்களில் ஒருவர் என்பதில் நம் 'இல்' இருக்கும் இடத்தில் அது இருக்கும். ஊரின் எல்லை என்பதில் 'இன்' இருக்கும் இடத்திலும் அதுவே. அவரைப் பற்றிப் பேசினார்கள் என்பதில் 'பற்றி'யின் இடத்திலும் அதுவே. மதுரை நகரம், ஒரு படி அரிசி, ஐந்து வயதுக் குழந்தை என்று நாம் எதையும் சேர்க்காமல் சொல்கிற இடங்களிலும் ஆங்கிலத்துக்கு அது வேண்டும். தமிழில் எழுதுகிறவர் எந்த உறவு என்று முடிவு செய்த பிறகே உருபைப் போட முடியும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் முடிவு செய்யாமலேயே வாக்கியத்தை முடித்துவிட முடியும். சட்டத்தை எழுதியவர் அப்படி முடிவு செய்யாமல் விட்டதைத்தான், பதின்மூன்று ஆண்டு கழித்து ஒரு சிறு ஊரின் நடுவர் நீதிமன்றத்தில் நாங்கள் இரண்டு பேர் எழுந்து நின்று முடிவு செய்யச் சொல்லிக் கேட்டோம்.

சொல்லின் பிறப்பையும் நான் வாதத்தில் வைத்தேன். பழைய ஆங்கிலத்தில் 'ஆஃப்' என்பதற்கு முதல் பொருளே விட்டு விலகி, அங்கிருந்து என்பதுதான். விளக்கை அணைக்கும்போதும் பேருந்திலிருந்து இறங்கும்போதும் சொல்கிற இன்னொரு 'ஆஃப்' இருக்கிறதே, இரண்டும் ஒரே சொல்லாக இருந்து பிறகு பிரிந்தவை. உடைமையைக் குறிக்கும் பொருள் பின்னால் ஏறியது. ஆகவே ஒரு தேதியோடு காலக்கெடுவைச் சேர்த்து எழுதும்போது 'ஆஃப்' என்பதும் 'ஃப்ரம்' என்பதும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன என்றேன். நடுவர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அகராதியால் மட்டும் வழக்கு ஜெயிக்காது என்பது எனக்கும் தெரியும். வலுவான வாதம் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருந்தது.

அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, உண்டியலோ கடன் உறுதிச் சீட்டோ எழுதிய தேதிக்குப் பின் இத்தனை நாளில் பணம் தர வேண்டும் என்று இருந்தால், எழுதிய அந்த நாளை விலக்கி எண்ண வேண்டும் என்று 1881லேயே தெளிவாகச் சொல்கிறது. ஒரே சட்டம், ஒரே வணிக உலகம். உண்டியல் எழுதிய நாளை எண்ணாத சட்டம், வழக்கு மூலம் பிறந்த நாளை மட்டும் எண்ணச் சொல்லுமா? அடுத்து, சொல் மூன்று படிகளிலும் ஒன்றே. 142இல் அது முதல் நாளைச் சேர்க்கும் என்றால் 138இலும் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால், மாலை நான்கு மணிக்கு அறிவிப்பை வாங்குகிறவருக்கு அந்த மிச்சப் பொழுதும் ஒரு முழு நாளாகக் கணக்காகி, பணம் கட்டக் கிடைக்கும் காலம் பதினான்கு நாளாகக் குறையும். பதினைந்தாம் நாள் பணத்தோடு வருகிறவர் குற்றவாளி ஆவார். இன்று இந்த எதிரிக்கு உதவுகிற பொருள் நாளை இன்னொரு எதிரியைச் சிறைக்கு அனுப்பும் என்றேன். இதற்கு எதிர்த்தரப்பு சொன்ன பதில், அறிவிப்பு வாங்கிய நாளை விலக்கிக்கொள்ளலாம், வழக்கு மூலம் பிறந்த நாளை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது. ஒரே சொல்லுக்கு இரண்டு பிரிவுகளில் இரண்டு பொருள்.

ஆனாலும் அந்தப் பதிலில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைத்தால் வழக்கைச் சரியாகச் சொன்னதாகாது. அறிவிப்பு பகலில் எந்த நேரத்திலும் கைக்கு வரலாம். அந்த நாளை எண்ணினால் வாங்கியவருக்கு நஷ்டம். வழக்கு மூலம் அப்படி இல்லை. ஜூன் 20 நள்ளிரவில் பதினைந்து நாள் முடிந்ததும் 21 பிறக்கும்போதே அதுவும் பிறந்துவிடுகிறது. 21ஆம் தேதி காலை கோர்ட் திறந்ததும் புகார் கொடுக்கலாம். ஆகவே அந்த நாளைச் சேர்த்து எண்ணினாலும் புகார்தாரருக்கு முழு மாதம் கிடைத்துவிடுகிறது, எதுவும் குறைவதில்லை என்றார் அந்த இளைய வக்கீல். அவர் செய்ததிலேயே நல்ல வாதம் அது. நான் சொன்ன மறுப்பு ஒன்றுதான்: காலம் எப்படி எண்ணப்படும் என்பது மணியைப் பார்த்து ஆளுக்கு ஆள், வழக்குக்கு வழக்கு மாறக்கூடாது. சாதாரண மனிதர் நாட்காட்டியைப் பார்த்துத் தானே கணக்கிட்டுக்கொள்ளக்கூடிய ஒரே விதி வேண்டும்.

அந்த ஒரே விதி இருநூறு ஆண்டு பழையது. சாகேத் தீர்ப்பே அதைத்தான் நம்பியது. 1808இல் இங்கிலாந்தில் லெஸ்டர் எதிர் கார்லண்ட் என்ற வழக்கில் ஒரு உயில் விவகாரம் வந்தது. தான் இறந்து ஆறு மாதத்துக்குள் தன் சகோதரி ஒரு ஈட்டு உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் உயிலில் எழுதியிருந்தார். அவர் இறந்தது ஜனவரி 12 இரவு. சகோதரி எழுதிக் கொடுத்தது ஜூலை 12. இறந்த நாளைச் சேர்த்தால் காலம் கடந்துவிட்டது. நீதிபதி சர் வில்லியம் கிராண்ட் இறந்த நாளை விலக்கினார். இந்த விதி எப்போதும் எளியவர் பக்கமே நிற்கும் என்று நான் சொல்ல வரவில்லை. 1972இல் ஹாருதாஸ் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே விதியைக் கையாண்டபோது, தடுப்புக் காவலில் இருந்த ஒருவரின் காவல் உத்தரவு சரியான காலத்தில்தான் உறுதி செய்யப்பட்டது என்று ஆகி, அவர் உள்ளேயே இருக்க நேர்ந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டுகிற விதி என்பதால்தான் அதை நம்பலாம்.

வாதத்தின் நடுவே எதிர்த்தரப்பு நம் ஊர் வழக்கத்தையும் எடுத்தது. இறந்த நாளையும் சேர்த்துத்தானே பதினாறாம் நாள் காரியம் வைக்கிறோம், இன்று வெள்ளி என்றால் அடுத்த வெள்ளியை எட்டாம் நாள் என்றுதானே சொல்கிறோம், தமிழர் கணக்கில் முதல் நாள் எப்போதும் உண்டு என்றார். கேட்பவர் மனத்தில் உடனே பதிகிற பேச்சு அது. வெளியே திண்ணையில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டு வேளையில் இதை என் கட்சிக்காரரிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "காரியத்துக்கு எண்றது வேறங்க. தவணைக்கு எண்றது வேறங்க. தண்டல்காரன் இன்னிக்குப் பணம் குடுத்தா நாளையில இருந்துதானுங்க வசூலுக்கு வருவான்? குடுத்த அன்னிக்கே ஒரு நாள் போச்சுன்னு எவனாச்சும் சொல்வானுங்களா?" என்றார். நான் எடுத்துக்காட்டிய தீர்ப்புகள் எல்லாவற்றையும்விடத் தெளிவான நியாயம் அதில் இருந்தது. சடங்கில் ஒரு நாளுக்கு வரிசை எண் கொடுக்கிறோம். கெடுவில் ஒருவருக்குக் காலம் கொடுக்கிறோம். கொடுக்கும் நாள், கொடுத்த காலத்துக்குள் சேராது. மதியத்துக்கு மேல் இதை என் வாதமாகவே நடுவர் முன் வைத்தேன்.

2002இல் தீர்ப்பு வந்தது. நடுவர் மனச்சாட்சி உள்ளவர். தீர்ப்பைப் படித்தபோது அவருக்கு அது உவப்பாக இல்லை என்பது தெரிந்தது. உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் எதிரெதிராக இருக்கும்போது கீழே இருப்பவர் என்ன செய்வார்? சம எண்ணிக்கையுள்ள பின் அமர்வு முன் அமர்வை மீற முடியாது என்பது ஒரு கொள்கை. பிந்தியதைப் பின்பற்றுவது பல நீதிமன்றங்களின் நடைமுறை. அவர் பிந்தியதைப் பின்பற்றினார். தமிழில் எழுதிய தீர்ப்பு அது. 'தேதியிலிருந்து ஒரு மாதத்திற்குள்' என்று பிரிவை மொழிபெயர்த்து எழுதிவிட்டு, அந்தத் தமிழ் தன் முடிவுக்கு இடம் கொடுக்காது என்று கண்டாரோ என்னவோ, அடுத்த வாக்கியத்தில் சட்டம் 'ஃப்ரம்' என்று சொல்லாமல் 'ஆஃப்' என்றே சொல்வதால் என்று இரண்டு ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதினார். தமிழ் தெரிந்த என் கட்சிக்காரர் அந்தத் தமிழ்த் தீர்ப்பைத் தானே படித்தார். தன்னை எது தோற்கடித்தது என்பதை மட்டும் அவரால் படிக்க முடியவில்லை.

தாமதத்தை மன்னிக்கும்படி மனுப் போடலாமே என்று இன்றைய இளம் வக்கீல்கள் கேட்பார்கள். இன்று போடலாம். 2003 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், போதிய காரணம் காட்டினால் காலம் கடந்த புகாரையும் ஏற்க நடுவருக்கு அதிகாரம் கொடுத்தது. அதற்கு முன் அந்தக் கதவே இல்லை. ஒரு நாள் என்றாலும் ஒரு வருடம் என்றாலும் ஒன்றுதான். அந்தத் திருத்தம் பழைய வழக்குகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சொல்லியும்விட்டது. உரிமையியல் தாவா போட 2003 வரை காலம் இருந்தது. அதற்கு அந்த 9,000 ரூபாய் வேண்டும். அந்த அம்மா இரண்டு தறிகளை ஏற்கெனவே விற்றிருந்தார். மிச்சம் இரண்டில் ஓட்டிக்கொண்டு, உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போடுங்கள் என்று மட்டும் சொன்னார். விடுதலையை எதிர்த்துப் புகார்தாரர் அப்பீல் போக அன்று முதலில் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அனுமதி கிடைத்தது. பிறகு வழக்கு வரிசையில் நின்றது.

2005இல் வியாபாரி தரப்பிலிருந்து ஆள் வந்தார். 50,000 ரூபாய் தருகிறோம், அப்பீலைத் திரும்பப் பெறுங்கள் என்றார்கள். உயர் நீதிமன்றம் இரண்டு தீர்ப்பில் எதைப் பின்பற்றும் என்று உங்கள் வக்கீலுக்கே தெரியாது என்று அந்த அம்மாவிடம் நேரடியாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னிடம் வந்து அது உண்மையா என்று கேட்டார். உண்மைதான் என்றேன். கடனைப் பற்றி அப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை, நீதிமன்றமே எழுதிவிட்டது. சந்தேகம் அந்தச் சொல்லில் மட்டும்தான், அந்தச் சந்தேகத்தின் விலை 70,000 ரூபாய். அவர் ஒரு வாரம் யோசித்து, மகனிடமும் கேட்டு, வாங்கிக்கொள்கிறேன் என்றார். அவர் முடிவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். கையில் வருகிற பணத்தை விட்டுவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

2013 ஆகஸ்ட் 26 அன்று ஈகான் ஆன்ட்ரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இந்தப் பிரச்சினையைத் தீர்த்து வைத்தது. வழக்கு மூலம் பிறந்த நாளை விலக்க வேண்டும். சாகேத் தீர்ப்பே சரி. 'ஆஃப்' என்பதையும் 'ஃப்ரம்' என்பதையும் இங்கே வேறு வேறாகப் பார்க்கக் காரணம் இல்லை. லெஸ்டர் தொடங்கி வந்த பழைய தீர்ப்புகளை சில் இம்போர்ட் தீர்ப்பு தொடவே இல்லை என்பதையும் அமர்வு எடுத்துச் சொன்னது. படித்து முடித்ததும் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. 1999 முதல் 2013 வரை பதினான்கு ஆண்டுகள், ஒரே தேதியில் கொடுத்த புகார் ஒரு நீதிமன்றத்தில் காலத்துக்குள் வந்ததாகவும் பக்கத்து நீதிமன்றத்தில் காலம் கடந்ததாகவும் இருந்திருக்கிறது. எந்தப் பொருள் சரி என்பதைவிட, ஏதாவது ஒரு பொருள் சீக்கிரம் உறுதியாகியிருந்தால் போதும். அந்த அம்மா ஜூலை 20ஆம் தேதியே வந்திருப்பார். கெடு எப்போது முடிகிறது என்று தெரிந்தால் யாரும் அதற்குள் வருவார்கள். தெரியாமல் வைத்துவிட்டு, வரவில்லை என்று தண்டிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வேறொரு நில விவகாரமாக அவர் வந்திருந்தபோது இதைச் சொன்னேன். நம் கணக்குத்தான் சரி என்று தீர்ப்பாகிவிட்டது என்றதும், "அப்ப அந்தக் கேசைத் திருப்பி எடுக்கலாமுங்களா?" என்று கேட்டார். சமரசமாகி, அப்பீலையும் திரும்பப் பெற்றாகிவிட்டது, முடியாது என்றேன். "அந்த ஜட்ஜய்யா தப்பாத்தான் எழுதிட்டாருங்களா, இல்லீங்களா?" என்றார் அடுத்து. அதற்குத் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை, சரி என்றும் சொல்ல முடியவில்லை. மேலே இருந்து வந்த இரண்டில் ஒன்றை எடுத்தார் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். நில விவகாரத்துக்குப் போனோம்.

அதன் பிறகும் 2015இல் 142ஆம் பிரிவைப் பாராளுமன்றம் திருத்தியது. எந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும் என்பதை விளக்கிப் புதிய உட்பிரிவுகளைச் சேர்த்தது. காலக்கெடு வாசகத்தை அப்படியே விட்டுவிட்டது. 'ஆஃப்' இன்னும் அங்கேதான் இருக்கிறது. தீர்ப்பு இருக்கிறதே, போதாதா என்று கேட்கலாம். தீர்ப்பைத் தேடிப் படிப்பது வக்கீல்தான். பிரிவைப் படிப்பது செக் திரும்பி வந்த மனிதர். அவர் படிப்பது பெரும்பாலும் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்த்தவர் எந்த உருபைப் போட்டாரோ அதுவே அவருக்குச் சட்டம். 24ஆம் பிரிவில் 1881இலேயே செய்ததைப் போல, அந்த நாளை விலக்கி என்று இங்கேயும் சேர்த்துவிட்டால் எந்த மொழியில் படித்தாலும் கணக்கு ஒன்றாக வரும். அதுவரை நான் அனுப்புகிற ஒவ்வொரு அறிவிப்பிலும், இது கிடைத்த நாள் நீங்கலாகப் பதினைந்து நாட்களுக்குள் என்று தமிழில் எழுதி, அந்தப் பதினைந்தாம் நாளை எப்படி எண்ணுவது என்பதையும் கீழே ஒரு வரியில் விளக்கி அனுப்புகிறேன்.